அப்பன் பேர் தெரியாத ஆணை

அன்புள்ள தால்கத் அண்ணாவுக்கு,

கராகோலிலிருந்து ஜிபார் எழுதுவது. அம்மா நலம், அப்பா நலம், குதிரைக்குக் கால் சரியாகிவிட்டது. நீ கணினியில் நிரல் எழுதித் தந்த பள்ளிக்கூட மணி மட்டும் நலமில்லை.

போனில் பேசினால் அம்மாவுக்குக் கேட்கும் என்பதால், எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் எழுதுகிறேன். சனிக்கிழமை பிஷ்கெக்கில் நடக்கும் கணினிப் போட்டிக்காக, உன் மணி நிரலைப் புள்ளியும் அம்புமாக வரையச் சொன்னார் சைராகுல் டீச்சர். எந்த ஆணை எந்த ஆணையை ஏவுகிறதோ, அங்கிருந்து இங்கே ஓர் அம்பு. ஏழு பாட்டன்மார் பேரைச் சொல்லாமல் அப்பா ரொட்டியைத் தொட விடமாட்டாரே, அந்தப் பழக்கத்தில் வம்சப் படம் போலவே வரைந்தேன். ஓர் ஆணை தன்னைத்தானே ஏவிக்கொண்டது. தனக்குத் தானே அப்பன்! பார்க்கக் கூசியது, தொடவில்லை. இன்னொன்றுக்கு எங்கிருந்தும் அம்பு வரவில்லை. யாருக்கும் பிறக்காதது நம் வம்சத்தில் எதற்கு என்று பள்ளிக் கணினியில் அதை அழித்துவிட்டேன். அது மணியை நிறுத்தும் ஆணையாம். இன்று காலை அடித்த மணி நிற்கவே இல்லை. தீ என்று நினைத்த சமையற்கார அம்மா லக்மான் நூடுல்ஸ் கொதித்த சட்டியில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். தலைமை ஆசிரியர் நாற்காலி மேல் ஏறி வயரைப் பிடுங்கினார்.

"பிஷ்கெக்குல பெரிய வேலை பாக்குறானாம். ஒரு மணிய நிறுத்தத் தெரியல. அவன் போட்டோவச் சுவத்துலேருந்து கழட்டுங்க."

"இத்தன வருஷம் ஒழுங்கா அடிச்சுதே சார்," என்றார் டீச்சர்.

"அப்ப யாராச்சும் கை வெச்சிருக்கணும். அது யாருன்னு தெரிஞ்சா, போட்டிக்கு இல்ல, பஸ் ஸ்டாண்டுக்குக்கூட அனுப்ப மாட்டேன்."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால் அண்ணா, தவறு உன்னுடையதுதான் என்று அவருக்கு ஒரு வரி எழுதிவிடு. உனக்கு வேலை இருக்கிறது. எனக்கு இந்தப் போட்டிதான் இருக்கிறது. விடிந்ததும் இதை பிஷ்கெக் வேன் டிரைவரிடம் கொடுத்துவிடுவேன்.

உன் அறையில் கணப்பு அணையாமலும், உன் சட்டியில் இறைச்சி குறையாமலும் இருக்கட்டும்.

உன் தங்கை,
ஜிபார்

பின்குறிப்பு: எதுவும் எழுத வேண்டாம், அண்ணா. உனக்கு விளக்குவதற்காக அந்த அம்புப் படத்தை மறுபடி வரைந்தபோதுதான் தெரிந்தது. நான் அழித்த ஆணைக்கும் அம்பு உண்டு. உன் நிரலுக்குள்ளிருந்து அல்ல, கணினியின் கடிகாரத்திலிருந்து வருகிறது. நான் தாளுக்கு வெளியே பார்க்கவே இல்லை. காலையில் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். உன் போட்டோ சுவரிலேயே இருக்கட்டும். என்னைப் போட்டிக்கு அனுப்பாவிட்டால், சனிக்கிழமை நீயாவது ஊருக்கு வா.