வாஷர் சாமி வீட்டு மாடியில்

குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள். குழாய் ஒழுகுவது வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று நடுங்கியவர்கள், இந்தத் திருவனந்தபுரத்தில் நானும் என் மனைவி கோமதியும்தான். எங்கள் வீட்டுக்காரர் வாஷர் சாமியைவிட நல்ல வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. அவரைவிட ஆபத்தானவரையும் பார்த்ததில்லை.

ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே அவரும் பங்கஜம் மாமியும். டிரஷரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூணூலில் பெட்டிச் சாவியை முடிந்துகொள்கிற பெரியவர்கள் அந்தத் தெருவில் உண்டு. இவர் சாவியோடு அரை இஞ்ச் ரப்பர் வாஷர் இரண்டையும் கோத்திருந்தார். அவசரத்துக்குத் தேட வேண்டாமாம்!

ஒப்பந்தம் எழுதிய அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரோக்கர் கொண்டுவந்த பத்திரத்தை டிரஷரி பில்லைப் படிப்பதுபோல வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"சில்லறை ரிப்பேர் எல்லாம் வாடகைக்காரர் பொறுப்புன்னு இருக்கே, இதை ஆர் எழுதினது?"

"எல்லா அக்ரிமெண்டிலயும் உள்ளதாணு சாமி," என்றார் புரோக்கர்.

"எல்லாத்திலயும் இருந்தா செரியாயிடுமா? வாடகை வாங்கறது ஆரு? நானாக்கும். அப்போ ஓடு இளகினாலும் ஆணி இளகினாலும் நான்தான் பார்க்கணும், கேட்டேளா?"

சிவப்புப் பேனாவால் அந்த வரியைப் பரக்கென்று அடித்தார். பத்து வருஷம் வாடகை வீடுகளில் அடிபட்டவன் நான். ஒரு பல்பு ஃப்யூஸ் போனதற்குக்கூட "நீங்கதானே எரிச்சீங்க" என்று கேட்ட வீட்டுக்காரர்களைப் பார்த்தவன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோமதி என் காதில், "இவுக மனுஷனே இல்லங்க, தெய்வம்," என்றாள்.

ஒரே வாரத்தில் கோமதி நாத்திகம் பேச ஆரம்பித்தாள்.

சாமிக்கு ஒரு கொள்கை இருந்தது. பொறுப்பு தன்னுடையது என்றால் கையும் தன்னுடையதாக இருக்க வேண்டும். "ஆளை வெச்சுப் பண்ணினா பொறுப்பு அவன் கைக்குப் போயிடும்" என்பார். சரி, ஆனால் அந்தக் கைக்குப் பேனாவைத் தவிர ஒன்றும் பழக்கமில்லையே! சமையலறைக் குழாயில் சொட்டு விழுகிறது என்று கோமதி வாய்தவறிச் சொன்னாள். அஞ்சாவது நிமிஷம் பெட்டியோடு வந்து நின்றார். ஒரு மணி நேரம் திருகினார். சொட்டு நின்றது உண்மை. அதற்குப் பதிலாகத் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. ஓடிப்போய் மெயின் வால்வை அடைத்தார். அது அடைந்தே போயிற்று, அப்புறம் திறக்கவில்லை. இரண்டு நாள் மாடிக்குத் தண்ணீர் கிடையாது.

அங்கேதான் அவர் நம்மைக் கொன்றுவிடுவார். எழுபது வயது மனுஷர், கிணற்றிலிருந்து தண்ணீர் கோரி, இரண்டு கையிலும் வாளியோடு படியேறி வருவார். நான் வாங்கப் போனால், "விடுங்கோ சாரே, இது என் டியூட்டியாக்கும்" என்று தட்டிவிடுவார். திட்டவும் முடியாமல், பாராட்டவும் முடியாமல் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்போம்.

அடுத்து குளியலறை விளக்கு. அவர் சுவிட்சைச் சரிசெய்த பிறகு விளக்கு எரிந்தது. கூடவே கீழே அவர் வீட்டுக் காலிங் பெல்லும் அடித்தது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், மின்சாரத்துக்கே தெரியாது. நாங்கள் குளிக்கப் போகிற ஒவ்வொரு தடவையும் சாமி மேலேறி வந்து கதவைத் தட்டி, "கூப்ட்டேளா?" என்பார். வயிறு சரியில்லாத ஒருநாள் என்னை அவர் எட்டு தடவை விசாரித்தார். மாமி பெல்லையே கழற்றிப் பரணில் போட்ட பிறகுதான் அது ஓய்ந்தது.

அதன்பிறகு நாங்கள் பழுதை ஒளிக்கப் பழகிவிட்டோம். சொட்டும் குழாயில் பழைய துண்டைக் கட்டி, சத்தமில்லாமல் வாளிக்குள் இறங்கவிட்டோம். தாழ்ப்பாள் சிக்கிக்கொள்ளும் குளியலறைக் கதவுக்குக் கயிறு கட்டினோம். சாமி படியேறும் சத்தம் கேட்டால் கோமதி டிவியை உச்சத்தில் வைத்துவிடுவாள். ஃப்ளஷ் டேங்கிலிருந்து மூன்று மாதமாகத் தண்ணீர் கசிந்து குளியலறைத் தரை எப்போதும் நனைந்தே கிடந்தது. பார்த்துக் கால் வைத்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

அப்படி இருக்கும்போதுதான் நாகர்கோவிலில் என் அப்பா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து, வாக்கரோடு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. டாக்டர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்: குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும், இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார்.

"சாமிகிட்ட மட்டும் மூச்சு விட்றாதீய," என்றாள் கோமதி. "மாமாவ நாம உசுரோட வச்சிருக்கணும்."

வியாழக்கிழமை தங்கராஜைக் கடத்திவந்தேன். பாறசாலைப் பக்கத்துப் பிளம்பர். வெள்ளைச் சட்டை போடவைத்து, சாமான்களையும் கம்பியையும் ஒரு பெரிய துணிப்பையில் திணித்து, மேலே வாழைக்குலை ஒன்றை வைத்து மூடி, கோமதியின் அண்ணன் என்று கேட்டைத் தாண்டிக் கூட்டிப்போவதாகத் திட்டம். கேட்டிலேயே சாமி நின்றார். பாடம் பண்ணிவைத்தபடி சொன்னேன்.

"ஆரு, மச்சினனா? நம்மாத்துக்கு வந்துட்டுக் காப்பி சாப்டாமப் போறதாவது! வாங்கோ, வாங்கோ."

தப்பிக்க வழியில்லை. உள்ளே உட்கார்ந்தோம். தங்கராஜ் ஒழுங்காகத்தான் இருந்தான். காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போனவன் தொட்டிக் குழாயைத் திருகினான். அந்தக் குழாய் மூடினால் திறக்கும், திறந்தால் மூடும். ஒரு தொழிலாளியின் மனசு எத்தனை நேரம்தான் பொறுக்கும்? ஐயோ என்று நான் எழுவதற்குள் கேட்டுவிட்டான்.

"இத எந்த மடையன் சாரே மாட்டுனது?"

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாமி தங்கராஜைப் பார்த்தார், வாழைக்குலைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து மாடிக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

குளியலறைத் தரையைக் குனிந்து தொட்டார். துண்டு கட்டிய குழாயையும் கதவுக் கயிறையும் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா சாமி," என்றேன். அப்பா வரப்போவதையும் சொன்னேன்.

மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கரமனையில நாங்க வாடகைக்கு இருந்தப்போ இதே மாதிரி குளிமுறியில ஒழுக்கு. சில்லறை ரிப்பேர், நீயே பண்ணிக்கோன்னான் வீட்டுக்காரன். உன் வீடு, நீ பண்ணுன்னேன் நான். நியாயம் என் பக்கமாக்கும். எட்டு மாசம் நியாயம் பேசிண்டே இருந்தேன். ஒரு வாஷர் வாங்கிப் போட அவனுக்கும் தோணல்லே, எனக்கும் தோணல்லே. பங்கஜம் வழுக்கி விழுந்துட்டா."

மாமி ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவமானமாக இருந்தது.

"அதனாலதான் அந்த வரியை அடிச்சேன் சாரே. வாடகைக்கு இருக்கறவா வாயைத் திறந்து கேக்கணும், கேட்ட உடனே நடக்கணும்னு. கடைசியில என்கிட்டே சொல்லவே பயப்படற மாதிரி நானும் ஒரு வீட்டுக்காரனா ஆயிட்டேனே!"

கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. "நான் விழுந்தது ஒரே தடவை! அதுலேந்து ஸ்பானரைத் தூக்கிண்டு அலையறார். ஏன்னா, பொறுப்பு உங்ககிட்டேயே இருக்கட்டும், ஸ்பானரை அந்தப் பிள்ளை கையில குடுத்துடுங்கோ!"

சாமி கீழே போய்த் தன் பெட்டியை எடுத்துவந்து தங்கராஜ் முன்னால் வைத்தார். "என் வீட்டு வேலை. கூலி நான் தருவேன். செய்டாப்பா."

இரண்டு மணி நேரத்தில் கசிவு நின்றது, தாழ்ப்பாள் வழிக்கு வந்தது, சுவரில் கம்பி ஏறியது. சாமி டார்ச் பிடித்தார். பெரும்பாலும் தங்கராஜின் கண்ணிலேயே பிடித்தார். மறுநாள் சிமெண்ட் காய்ந்ததும் வந்து, காலை மடக்கிக்கொண்டு அந்தக் கம்பியில் முழுப் பாரத்தோடு தொங்கினார். "சாமி, இடுப்பு!" என்று கோமதி அலறினாள். "என் இடுப்பு போனாப் போறது. நாளைக்கு அவரோட இடுப்பாக்கும் விஷயம்," என்று இன்னும் இரண்டு தடவை தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

சனிக்கிழமை அப்பா வந்தார். யாரும் பிடிக்கக் கூடாது, தானே குளிப்பேன் என்று அடம். வாக்கரை வெளியே வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே நானும் கோமதியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கு முன்னால், கதவில் காதை வைத்துக்கொண்டு, சாமி.

உள்ளேயிருந்து அப்பா கத்தினார். "ஆருலே அங்க நிக்கது? மூச்சு விடுற சத்தம் கேக்குது!"

"வீட்டு ஓனராக்கும். நீங்க மெதுவா குளிங்கோ."

"குளிக்கதுக்கும் வாடகையா ஓய்?"

கால் மணி நேரம் கழித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு அப்பா வெளியே வந்தார், தன் காலில். சாமி அவரைத் தாண்டி உள்ளே போய், தண்ணீர் எல்லாம் வடிந்திருக்கிறதா என்று தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். எழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோப்புத் தண்ணி தெறித்துவிட்டது என்றார்.

அப்பா வாக்கரை விடுகிற வரைக்கும் சாமி தினமும் அந்த நேரத்துக்கு வந்து அந்தக் கதவோரம் நின்றார்.

இப்போது சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். குழாய் ஒழுகினால் ஃபோனில் ஒரு தட்டு தட்டினால் போதும், யூனிஃபார்ம் போட்ட பையன் வந்து பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டுப் போகிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பா குளிக்கப் போய்க் கொஞ்சம் நேரமானால், மனசு சாமியைத்தான் தேடுகிறது.