கந்தூரியில் ஓடிய யந்திரமும் என் பதினொரு பக்கச் சத்தியக் கடதாசியும்

அளவோடு எழுதத் தெரியாதவளின் கையில் நீதிமன்றக் காகிதத்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தார்கள். என் வாப்பாவின் உரிமையை என்னுடைய அழகான கையெழுத்திலேயே தொலைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். சைக்கிள் பெடலையும் தகரத்தையும் கொண்டு வாப்பா ஒரு யந்திரம் செய்திருந்தார். மிதித்தால் அது நெல்லைத் தூற்றிக்கொண்டே சலித்தும் கொடுக்கும். இரும்பு வேலைக்கு உதவியவர் உம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரர் இஸ்மாயில் மாமா. (மாமா என்றெழுதப் பேனா இன்றும் மறுக்கிறது.) இரண்டு வருடம் கழித்து வாப்பா, அதைச் செய்து விற்கும் தனியுரிமையைத் தரும் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தால், பதினேழு நாள் முந்தியே அந்த மனிதர் தம் பெயரில் விண்ணப்பித்திருக்கிறார்! அறுவடைக்கு முன் விற்கவும் ஆயத்தம். வழக்கு முடிய வருடங்கள் ஆகும் என்பதால், உடனடியாக இடைக்காலத் தடை கேட்டுக் கொழும்பு நீதிமன்றம் சென்றோம்.

"வாப்பாதான் முதல் செஞ்ச எண்டத மட்டும் எழுதித் தாங்க புள்ள. அரைப் பக்கம் போதும்" என்றார் எங்கள் சட்டத்தரணி. வாப்பா சத்தியம் செய்து ஒப்பமிட வேண்டிய கடதாசி அது.

அரைப் பக்கமா? இலக்கியம் படிக்கும் என்னிடமா? பதினொரு பக்கம் எழுதினேன். யந்திரம் முதலில் ஓடிய அன்று களத்தில் ஊருக்கே சோறு போட்ட கந்தூரி, அதில் ஓதியவர், இறைச்சிக் கறியின் காரம், யந்திரத்தை மிதித்துப் பார்த்த ஐம்பத்துமூன்று பேரின் பெயரும் ஊரும். (இஸ்மாயில் மாமா இரண்டாந்தரமும் சோறு வாங்கியதை விடுவேனா?) வாப்பா பெருமையோடு ஒப்பமிட்டார். சட்டத்தரணி முதற்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பது பின்னரே தெரிந்தது.

நீதிபதி நிறுத்தவில்லை. கடைசிப் பக்கம் வரை வாசித்தார்.

"கந்தூரியில் எல்லோரும் யந்திரத்தைப் பார்த்தார்களா?"

"ஓம் ஐயா, ஊரே பாத்த."

"செய்யும் விதத்தையும் சொன்னீர்களா?"

வாப்பா நிமிர்ந்து நின்றார். "கேட்ட ஆக்களுக்கெல்லாம் செல்லிக் குடுத்த. ஒளிச்சு வெச்சா அல்லாஹ்ட பறக்கத்து இருக்குமா ஐயா?"

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கண்களை மூடிக்கொண்டார். (நாங்கள் வென்றுவிட்டோம் என்றெண்ணி நான் புன்னகைத்தேன்.)

விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம் முன்பே ஊரறிந்த பொருளுக்கு எவருமே தனியுரிமை கோர இயலாது, ஆகவே யார் முந்தியவர் என்ற கேள்வியே எழாது, தடையும் இல்லை என்றார் நீதிபதி. ஒளித்து வைத்திருந்தால் உரிமை. சோறு போட்டுக் காட்டியதால் இல்லை! இது என்ன நியாயம்?

திரும்பும் பஸ்ஸில் முன் இருக்கையில் இஸ்மாயில் மாமா. கழுத்தைத் திருப்பி, "ஏன் புள்ள, நான் ரெண்டாந்தரம் சோறு வாங்கினதுமா கோட்டுக்குத் தெரியணும்?" என்றார்.

வாப்பா சிரித்துவிட்டார். சிரித்தார்! நான் அம்பாறை வரும்வரை யன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

அந்தப் போகத்திலேயே மாவடிப்பள்ளியிலிருந்து அட்டாளைச்சேனை வரை களத்துக்குக் களம், அவரவரே செய்துகொண்ட அந்த யந்திரம் ஓடியது. இப்போது எங்கள் வீட்டு விருந்துக்கு எவர் வந்தாலும் வாப்பா என்னைக் கைகாட்டுகிறார்: "பாத்துத் தின்னுங்க, என்ட மகள் கோட்டுக்கு எழுதிப் போடுவாள்."

வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரின் வீட்டில் அந்த யந்திரம் நிற்கிறது!