உருப்படாது அண்ணனின் வில்லுப்பிடி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கச் சலித்தாலும் 'உருப்படாது' அண்ணனைப் போல நம்பிக்கையே இல்லாத ஒரு மனிதர் கிடைக்கமாட்டார். சுவா ஊர்ப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். தோட்டத்துக் கேட்டில் காவல் வேலை. என் கல்யாணப் பத்திரிகையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே சொல்: "உருப்படாது." இருபத்திரண்டு வருஷமாகிறது. அவர் வந்தால் என் மனைவி இன்னும் சீனி போடாமல்தான் தேத்தண்ணி கொடுப்பாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் அம்பு விடும் ஆசை வந்தது. ஞாயிறு காலைகளில் திடலில் சில மலாய்க்காரர்கள் அம்பு விட்டுப் பழகுவதை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். கடை வில் உருப்படாது என்று தானே மூங்கிலைச் சீவி, ஒட்டி, நாலு மாதத்தில் ஒன்று செய்துவிட்டார். குறை சொல்ல முடியாத வில்.

வினை பிடியில் வந்தது. இளவயதில் ரப்பர் ஷீட் உருட்டும் மெஷின் அவருடைய இடது கையின் கடைசி இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. மிச்ச விரல்களால் பிடித்து நாணை இழுத்தால் வில் கைக்குள் சுழன்று, அம்பு என் வாழையில் இறங்கியது. பிடியில் தோல் தைத்து, விரல் இல்லாத பக்கத்தைத் தடிப்பாக்கினால் நிற்கும் என்று அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு, அதுவும் உருப்படாது என்றார்.

முதல் தோல் பழைய சோபாவிலிருந்து வந்தது. அது தோலே இல்லை. வெயில் பட்டதும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடுத்தது அண்ணியின் கைப்பை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அண்ணி தேடினார். வாரும் ஜிப்பும் மட்டும் அகப்பட்டன. மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சுமில்லை, சமையலுமில்லை. அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டார், குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே.

கைப்பைத் தோலைப் பசை தடவிச் சுற்றி, கை அச்சுப் பதியட்டும் என்று இறுக்கிப் பிடித்திருக்கிறார். அச்சுப் பதிந்தது. கை வரவில்லை.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, வில்லும் கையுமாகக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். சிக்னலில் ஒரு லாரிக்காரர் அவரைப் பார்த்துக் கும்பிடு போட்டார். கிளினிக்கில் என்ன நோய் என்று கேட்ட நர்ஸ் மிஸி, வில்லைப் பார்த்ததும் கேள்வியை நிறுத்திக்கொண்டாள். எண்ணெய் விட்டு, பஞ்சால் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்துக் கையை மீட்டார்கள். உள்ளங்கைத் தோல் பாதி பிடியிலேயே தங்கிவிட்டது.

திரும்பும் வழியில் அவர் புலம்பவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாதி தூரத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"மெஷின் கடிச்சதிலேருந்து இந்தக் கையில எதையும் நம்பிப் புடிச்சதில்ல லா, தம்பி. பேத்தியத் தூக்கக்கூட பயம். விட்டுருவேனோன்னு."

மறுவாரம் நானே சிரம்பானுக்குப் போய், செருப்புத் தைப்பவரிடம் நிஜமான மாட்டுத்தோல் வாங்கினேன். பசையே கூடாது, ஊறவைத்து ஈரத்தோடு தைத்து நிழலில் காயவிட்டால் தானே இறுகிப் பிடிக்கும் என்றார் அவர். உள்ளங்கைப் புண் ஆறியதும், அண்ணன் அளவு எடுக்க என் மனைவியின் சப்பாத்தி மாவைக் கேட்டு வாங்கி, இடது கையால் பிசைந்து பிடித்தார். மாவில் எங்கே பள்ளமோ அங்கே தோல், எங்கே மேடோ அங்கே தக்கை. கோணி ஊசியும் மெழுகு நூலுமாக இரண்டு தடவை தைத்துப் பிரித்தார். மூன்றாவது தையல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனோம். ஆறு அம்புகள். ஐந்து புல்லுக்குப் போயின. ஆறாவது குறியில் பாய்ந்தது. ஆனால் அது பக்கத்தில் நின்றவருடைய குறி. அவர் அம்பைப் பிடுங்கி வந்து மரியாதையாகக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. அண்ணன் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு தடவையும் வில் கைக்குள் அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வில்லைச் சாய்த்துவைத்துவிட்டு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியை இடது கையால் அள்ளி இடுப்பில் வைத்தார். அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"கனமாத்தான் இருக்கா," என்றார் அண்ணன். இறக்கிவிடவில்லை.

இப்போது மகளோடு கெமாஸுக்குக் குடிபோய்விட்டார். போன் செய்தால் ஊர் சரியில்லை, தண்ணீர் சரியில்லை, ரயில் சத்தத்தில் தூக்கமில்லை என்கிறார். அடுத்த வீடு பூட்டியே கிடக்கிறது. வருகிற ஞாயிறு ரயிலேறுகிறேன். அங்கே எனக்கு வேலை ஒன்றுமில்லை. அவர் புலம்புவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.