பூஜை கண்ட சாவி

ஆவிகள் நள்ளிரவில்தான் உலவும் என்பது படித்தவர்களிடமும் வேரூன்றிவிட்ட ஒரு தவறான கருத்து. அதைத் திருத்துவது நம் கடமை. மயிலாப்பூரில் ஆவி பிற்பகல் இரண்டரைக்குக் கிளம்பும். நாலு மணிக் காபிக்கு முன் திரும்பிவிடும். ஸ்கூட்டரில் போகும். ஹெல்மெட் போட்டுக்கொள்ளும்.

இதை நேரில் அனுபவித்தவர் ஸ்ரீவத்சன். ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் புத்தகங்களுக்கு எண் போட்டு ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்து ராமானுஜம் மார்கழியில் காலமானதும், அவருடைய சாம்பல் நிற ஸ்கூட்டரைத் தை பிறந்த கையோடு வாங்கிக்கொண்டார். வாங்கிய அன்றே மனைவி காமாக்ஷிக்கு ஒரு சட்டமும் போட்டார்.

"நீ இதைத் தொடப்படாது."

"ஏன்னா, நானும் கத்துக்கறேனே?"

"நோக்கு பாலன்ஸ் கிடையாது. சைக்கிள்லேர்ந்தே விழுந்தவ நீ."

"அது எட்டாங்கிளாஸ்ல!"

"பாலன்ஸ் பிறவிக் குணம்."

காமாக்ஷி அடுத்த தெருவில் ஸ்லோக வகுப்பில் சேர்ந்துகொண்டாள். தினமும் இரண்டரைக்குப் போவாள். ஸ்ரீவத்சன் இரண்டு முதல் நாலு வரை தூங்குவார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. தூங்கி எழுந்து, வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கினார். யாரும் இல்லை. தூண்களுக்கு நடுவில் கலங்கலான வெளிச்சம். எங்கிருந்தோ ஒரு சத்தம். டிக்... டிக்... டிக்...

சத்தம் ஸ்கூட்டரிலிருந்து வந்தது. சைலன்சரைத் தொட்டார், விரல் சுட்டது. கால் வைக்கும் இடத்தில் ஈர மணல். பக்கக் கண்ணாடியில் முகம் தெரியவில்லை; தன் சட்டையின் இரண்டாவது பொத்தான் தெரிந்தது. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். வண்டியோடு வந்த ராமானுஜத்தின் பழுப்பு ஹெல்மெட் கொக்கியில் தொங்கியது. உள்ளே கை விட்டுப் பார்த்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று மாடிக்கு ஏறியதை விட வேகமாக அவர் எந்தக் காலத்திலும் ஏறியதில்லை. "காமு! யாரோ வண்டிய எடுத்திருக்கா."

"யார் எடுப்பா? சாவி உங்க தலைகாணிக்கு அடியிலன்னா இருக்கு?"

"இன்னொரு சாவி?"

"அது தொலைஞ்சு எத்தனை நாளாச்சு!" காமாக்ஷி குரலைத் தாழ்த்தினாள். "ராமானுஜம் மாமா தினம் மத்தியானம் பட்டினப்பாக்கம் போய்க் கடல்ல காலை நனைச்சுண்டு வருவார். ஞாபகம் இருக்கோ?"

"உளறாதே. போனவர் எப்படிடீ வருவார்?"

"வண்டியத்தானே வித்தா. பழக்கத்தையும் சேத்தா வித்தா?"

புதனன்று மீட்டரில் ஆறு கிலோமீட்டர் கூடியிருந்தது. வியாழனன்றும் ஆறு. கண்ணாடி பழையபடி பொத்தானைக் காட்டியது. வெள்ளியன்று கைப்பிடியில் மூக்குப்பொடி வாசனை அடித்தது. அந்தக் கட்டடத்தில் பொடி போட்டவர் ராமானுஜம் ஒருவர்தான்.

ஸ்ரீவத்சன் பகுத்தறிவுள்ளவர். ஆவிக்குச் சாவி எதற்கு? தொலைந்த சாவி எவனோ ஒருவன் கையில் சிக்கியிருக்கிறது. இக்னிஷன் லாக்கை மாற்றிவிட்டால் கதை முடிந்தது. இந்தத் தீர்மானத்தைச் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார்.

"பேஷா மாத்துங்கோ" என்றாள் காமாக்ஷி. "ஆனா இக்னிஷனுக்கு ஒரு சாவி, சீட்டுக்கு ஒரு சாவின்னு ரெண்டை வெச்சுண்டு நடுரோட்ல திண்டாடுவேள்."

"ரெண்டையும் ஒரே சாவிக்கு மேட்ச் பண்ணிடலாம்."

"எந்தச் சாவிக்கு? பழசுக்கு சரஸ்வதி பூஜையில சந்தனம் குங்குமம் இட்டிருக்கேன். புதுசு பூஜையே காணாதது. காவல் இல்லாத சாவின்னா மாமாவுக்கு இன்னும் சௌகரியம்."

ஸ்ரீவத்சனுக்கு ஆவியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் முன்கை ரோமங்கள் அவ்வளவாகப் படிக்காதவை. அவை எழுந்து நின்றன.

கச்சேரி ரோட்டு ஓரம் குடை விரித்துப் பூட்டு சாவி வேலை செய்யும் டில்லிபாபு, புது லாக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இதோட சாவிக்கே சீட்டு லாக்க மாத்திடறேன் சார். பழைய சாவி யார்கிட்ட இருந்தாலும் வேலைக்கு ஆவாது."

"கூடாது. புதுப் பூட்டோட உள்தகடுகளைப் பழைய சாவிக்குப் பொருந்தறாப்ல மாத்தி அடுக்கணும்."

"இன்னா சார் சொல்றீங்க? அதுக்கு எதுக்கு லாக்க மாத்தணும்?"

"பழையது பூஜை கண்ட சாவி."

டில்லிபாபு அரத்தை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் பழைய சாவி புது லாக்கில் வெண்ணெயாகத் திரும்பியது. புதுச் சாவி இரண்டும் டில்லிபாபுவின் தகர டப்பாவுக்குள் போயின.

மறுநாள் ஸ்ரீவத்சன் நிம்மதியாகத் தூங்கினார். நாலு மணிக்கு இறங்கினார்.

டிக்... டிக்... டிக்...

பதினாலு கிலோமீட்டர். போகிற தூரம் கூடிவிட்டது. கையை ஹெல்மெட்டுக்குள் விட்டார். ஏதோ ஈரமாக விரலில் ஒட்டியது. ஒற்றை மல்லிகைப் பூ. ராமானுஜத்தின் தலையில் பூ வைக்க முடியே இருந்ததில்லை.

கச்சேரி ரோடு வரை ஓடினார்.

"புது லாக் போட்டும் வண்டி ஓடறதேப்பா!"

"ஓடத்தானே சார் லாக்கு?"

"நான் தூங்கும்போது ஓடறது!"

"பழைய சாவி இன்னொண்ணு கீதே, அத வெச்சிருக்கறவங்க எடுப்பாங்க."

"அது யார்கிட்ட இருக்கு?"

"இன்னா சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? வூட்ல அம்மாகிட்டதான். இன்னிக்கு மத்தியானம் வந்து நம்ம குடையாண்ட நிறுத்தி, அவங்க சாவியும் திரும்புதான்னு போட்டுப் பாத்தாங்க. சோக்கா திரும்புச்சு. எட்டு போட்டுக் காட்டினாங்க சார். இன்னா பாலன்ஸு!"

வீட்டில் காமாக்ஷி ஸ்லோகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"லைசென்ஸ்?" என்றார் ஸ்ரீவத்சன்.

"ஆவணியிலேயே வந்தாச்சு."

"பதினாலு கிலோமீட்டர்?"

"அடையாறு பக்கம் ஒரு சுத்து. புது லாக் ரொம்ப நன்னா இருக்குன்னா."

"யாருடீ நோக்குக் கத்துக்குடுத்தது?"

"ராமானுஜம் மாமாதான். ரொம்பப் பொறுமை அவருக்கு."

"எப்போ?"

"மாசி மாசம்."

ஸ்ரீவத்சன் விரல் விட்டு எண்ணினார். மார்கழி, தை, மாசி. கையை மாற்றி எண்ணினார். அப்போதும் மார்கழி முன்னால்தான் வந்தது. நிமிர்ந்தபோது காமாக்ஷி காபி கலக்க உள்ளே போயிருந்தாள்.

மறுநாள் காலை கறிகாய் வாங்க ஸ்கூட்டரை எடுத்தார். கண்ணாடியில் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தான் தெரிந்தது. அதைத் திருப்பாமலே ஓட்டிக்கொண்டு போனார்.