மாநகராட்சிக்கு முன்பே வந்த மேயர்

ஓசூருக்கு மாநகராட்சி வருவதற்குப் பல காலம் முன்பே எங்களுக்கு மேயர் வந்துவிட்டார். நாற்காலி கிடையாது, அங்கி கிடையாது, சுழல் விளக்கு வைத்த கார் கிடையாது. ஒரு வார்டு கவுன்சிலர் பதவிகூடக் கிடையாது. ஆனாலும் ஜூஜூவாடிப் பக்கம் எங்கள் தெருமுனையில் நின்று “மேயர் வீடு எது?” என்று கேட்டால், பால்காரரிலிருந்து இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டே நடந்து வருகிறவர் வரை எல்லோரும் ஒரே திசையில் கை காட்டுவார்கள். எந்தக் கட்சியிலும் சேராமல், எந்தக் கட்சியையும் பகைக்காமல், எல்லாக் கட்சிகளிடமும் தோற்றுப்போன ஒரே அரசியல்வாதி இந்தப் பூமியில் அவர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்ஷன் வேலை அவருக்கு. அளவு சரியாக இருந்தால் ஓகே, இல்லாவிட்டால் ரிஜெக்ட். நடுவில் தாட்சண்யத்துக்கு இடமில்லை. ஒருமுறை அவருடைய மச்சான் ஓட்டிய மெஷினிலிருந்து வந்த ஒரு பெட்டி சரக்கை முழுசாகத் திருப்பி அனுப்பிவிட்டார். மச்சான் அந்த வருடம் பொங்கலுக்கு வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. தம்பி வராத பொங்கலை மனைவி மஞ்சுளா கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளற, மேயர் கேட்டாராம்: “பீஸு மேல மச்சான்னு எழுதியா இருக்குது?”

நடுநிலை என்பது அவருக்குக் கொள்கை இல்லை, உடம்பு வாகு. சட்டை எடுக்கப் போனால் கடைக்காரர் களைத்துப்போவார். சிவப்பு ஒரு கட்சி, பச்சை ஒரு கட்சி, மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று, காவி ஒன்று, கறுப்பு ஒன்று. வெள்ளை போட்டால் எல்லாக் கட்சியும். கடைசியில் கம்பெனி கொடுத்த சாம்பல் நிறச் சட்டையே அவருக்குக் கல்யாணத்துக்கும் ஆயிற்று, கருமாதிக்கும் ஆயிற்று. கையை விரித்துக் காட்டினால் ஒரு சின்னம், இரண்டு விரலை நீட்டினால் இன்னொரு சின்னம் என்று பயந்து, தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முழங்கையை மட்டும் லேசாகத் தூக்குவார். புதிதாகக் குடிவந்தவர்கள் பாவம், கைக்கு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் சிபாரிசு செய்வார்கள்.

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டால் சரியாக நடுவில் போய் நிற்பார். இரண்டு பக்கத்து அடியும் இவர் மேல் விழும். அதையும் சமமாக வாங்கிக்கொள்வார்.

முதல் தேர்தலில் சுயேச்சையாக நின்றபோது அவருக்குக் கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். எங்கள் தெருக் குழாயில் தண்ணீரைப் பார்த்தவர்கள் அப்போது யாருமில்லை. போகிற வாசலிலெல்லாம் “மொதல்ல உன் சின்னத்துல தண்ணி வரட்டும்ணா, அப்பறம் ஓட்டப் பாக்கலாம்” என்று அனுப்பிவைத்தார்கள். தோற்றார்.

இரண்டாவது தேர்தல்தான் சரித்திரம். எங்கள் பக்கத்தில் தமிழ்நாடு எங்கே முடிகிறது, கர்நாடகம் எங்கே தொடங்குகிறது என்பது நெடுஞ்சாலைக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும். சந்துகளுக்குத் தெரியாது. அதே சிமென்ட் ரோடு, அதே வாடகை வீடு, அதே மூன்று மொழிப் பேச்சு. மேயர் ஒரு சந்துக்குள் நுழைந்தார். ஜனங்கள் இதுவரை காணாத அன்போடு பேச்சைக் கேட்டார்கள். காபி கொடுத்தார்கள். குறை சொன்னார்கள். தெருவிளக்கு எரிவதில்லை, பெண்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி இருட்டில் நடக்கிறார்கள் என்றார்கள். மேயர் உருகிப்போய் மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். கடைசியில் ஒரு பெரியவர் மனசு கேளாமல் இவரைத் தனியே அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேஜார் மாட்கோபேடி சார். நம்ம ஓட்டு கர்நாடகதல்லி.”

வருத்தப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னார். நல்ல மனிதர். மேயர் அடுத்த மாநிலத்தில் ஓட்டுக் கேட்டது அன்று மாலைக்குள் டீக்கடைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. நாங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறினோம். மேயர் சிரிக்கவில்லை. தோற்ற பிறகு, அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து, அந்தச் சந்துக்கு விளக்குப் போட வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். ஓட்டுப் போட முடியாதவர்களுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றிய வேட்பாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாவது முறையும் நின்றார். தோற்றார். ஆனால் ஜெயித்தவர் செய்யவேண்டிய வேலையையெல்லாம் இவரே செய்தார். சாக்கடை அடைத்தால் இவர், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனால் இவர். ஜெயித்தவரும் தன்னைத் தேடி வருகிறவர்களை, “இதெல்லாம் மேயர் பாத்துக்குவாரே” என்று இங்கேதான் அனுப்பினார்.

பிறகு ஊர் நிஜமாகவே மாநகராட்சி ஆனது. இந்தத் தடவை மேயர் ஜெயிப்பது உறுதி என்று எதிர்க்கட்சிக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். அப்போது அறிவிப்பு வந்தது: எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது.

தெரு கூடியது. மஞ்சுளாவை நிறுத்துவது என்று முடிவானது. ரோஜாப் பண்ணையில் பூத் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. முள் கிழிக்காத விரல் ஒன்றுகூட இல்லை. மூன்று தேர்தலிலும் புருஷனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர்தான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். எல்லோரும் மேயரைப் பார்த்தோம்.

“நிக்கட்டும். நல்ல கேண்டிடேட்டு. ஆனா நான் ஓட்டுக் கேக்க மாட்டேன்.”

“ஏன்யா?” என்றார் மஞ்சுளா.

“பொண்டாட்டிக்குன்னு கேட்டா அப்பறம் அது கட்சி ஆயிடும்.”

மஞ்சுளா அன்றிலிருந்து அவரிடம் பேசுவதை நிறுத்தினார். சொல்லவேண்டியதைக் குக்கரிடம் சொன்னார். “சாப்பாடு ஆறுது, வேணுங்கறவங்க வந்து துன்னலாம்” என்பார்; அது கேட்டுக்கொள்ளும். மேயரோ ஒரு படி மேலே போனார். களத்தில் இருந்த மூன்று பெண் வேட்பாளர்களையும் ஒரே மேடையில் பேசவைக்கப் போகிறேன் என்று கிளம்பி, பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். ஆளுக்கு ஐந்து நிமிடம். முடிந்ததும் ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவார். யார் எப்போது பேசுவது என்று சீட்டுக் குலுக்கினார். மஞ்சுளாவுக்குக் கடைசி இடம்.

அவர் எழுந்து மைக்கைப் பிடித்ததுமே கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்: “ஏங்க்கா, கட்டின புருஷனே ஒனக்கு ஓட்டுக் கேக்கல. நாங்க எந்த நம்பிக்கைல போடறது?”

எல்லாத் தலைகளும் மேயர் பக்கம் திரும்பின. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தாளு யாருக்குக் கேட்டாலும் தோத்துடறாங்க,” என்றார் மஞ்சுளா. “தனக்கே மூணு வாட்டி கேட்டுப் பாத்துட்டாரு. இப்ப வாயத் தொறக்காம இருக்குறாரு பாரு, அதான் என் பலம்.”

கூட்டம் குலுங்கியது; சிரிப்பு அடங்கவே நாலு நிமிடம் போயிற்று. அவர் குரல் தாழ்ந்தது. “நான் தண்ணிக்குத்தாம்பா நிக்கறேன். டேங்கர் பின்னால புள்ள பெத்தவளும் ஓடறா, ஷிப்டு முடிஞ்சு வந்தவளும் ஓடறா. அந்தக் கொழா வரைக்கும் தண்ணியக் கொண்டாந்துட்டா…”

தட்டு ஒலித்தது. ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மஞ்சுளா மைக்கை வைத்துவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தார். எல்லையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள்கூட அந்தப் பார்வைக்குப் பின்னோக்கி நகர்ந்திருக்கும்.

மறுநாள் விடிகாலை, பனிமூட்டத்துக்குள் பண்ணை வண்டிக்குக் காத்திருந்த மஞ்சுளா என்னைக் கூப்பிட்டார். “ஜெயிக்கறது தோக்கறது கெடக்கட்டும்ணா. எம் பக்கம் ஒருத்தரு நிக்கணும்னு இருக்குது. அது இந்தாளா இருக்கணும்னு இருக்குது. அவ்ளோதான்.” சொல்லிவிட்டு வண்டி வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் நேரே மேயரிடம் போய் ஒப்பித்தேன். அவர் சாம்பல் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தார். பிறகு சொன்னார்: “நான் அவ பக்கம் போய் நின்னுட்டா, நாளைக்கு அவ ஜெயிச்சப்பறம் பாதித் தெரு எங்க வூட்டு வாசப்படி ஏறாது சார். நம்ம ஆளு இல்லன்னு ஒதுங்கிடுவாங்க. நான் நடுவுல கெடந்தாதான் எல்லாரும் அவகிட்ட வருவாங்க.”

“சரி, மனசுல?”

“மனசுக்கெல்லாம் ஓட்டு இல்லீங்களே.”

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று மஞ்சுளா விரதம் கலைத்து நேரடியாகவே கேட்டார்: “யாருக்குப் போட்ட?” மேயர் ஆள்காட்டி விரல் மையை ஊதியபடி, “அது ரகசியம்” என்றார். மறுபடியும் குக்கருக்கு வேலை வந்தது.

மஞ்சுளா ஜெயித்தார். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான், ஆனால் ஜெயித்தார். தெரு பட்டாசு வெடித்தது. மேயர் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, தோற்ற இரண்டு வேட்பாளர்கள் வீட்டுக்கும் முதலில் போய் ஆறுதல் சொன்னார். சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பெட்டியில் தூள்தான் மிச்சம். மஞ்சுளா அந்தத் தூளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

பதவியேற்பு நாளன்று மாநகராட்சி ஆபீசின் வெளி மைதானத்தில் உறவுக்காரர்களுக்கும் தொண்டர்களுக்குமாக இரண்டு பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். ஒன்றில் ஒரு கட்சிக் கொடி, இன்னொன்றில் எதிர்க்கட்சிக் கொடி. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, அதில் சுள்ளென்று வெயில். மேயர் சாம்பல் சட்டையில், கையில் மனைவிக்கான டிபன் கேரியரோடு அந்த வெயிலில் போய் நின்றார். துணைக்கு நானும் நின்று வெந்தேன். நாற்காலி போடும் ஆள் ஒருவருக்கு எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“ஏன் சார் வெயில்ல நிக்கறீங்க? எந்தக் கட்சின்னு சொல்லுங்க, அந்தப் பந்தல்ல சேர் போட்டுத் தரேன்.”

மேயர் ஆயுளில் பதில் சொல்லாத கேள்வி அது. டீக்கடைக்காரருக்கும் சொன்னதில்லை, சம்பந்திக்கும் சொன்னதில்லை. முழங்கையைத் தூக்கிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“உள்ள மஞ்சுளான்னு ஒரு அம்மா பதவி ஏக்கறாங்க. நான் அவங்க கட்சி.”

“அவங்க சுயேச்சையாச்சே சார். அவங்களுக்கு ஏது கட்சி?”

“இருக்குதுப்பா,” என்றார் மேயர். “அதுல நாங்க ரெண்டே பேருதான்.”

நாற்காலிக்காரர் எங்களுக்குப் பின்னால் யாரையோ பார்த்து நகர்ந்து வழிவிட்டார். திரும்பினேன். உறுதிமொழி முடிந்து, கழுத்தில் மாலையோடு மஞ்சுளா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.  அவர் கேரியரை மேயர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னய்யா?”

“எலக்ஷன் முடியட்டும்னு இருந்தேன்.”

இரண்டு பேரும் அந்த இரண்டு பந்தலுக்கும் நடுவே வெயிலில் நடந்து போனார்கள், குக்கரின் துணையில்லாமல் பேசிக்கொண்டே. அந்தக் கட்சியில் மூன்றாவது ஆளாகச் சேர எனக்கு ஆசை ஆசையாக வந்தது. கேட்கவில்லை. அது இரண்டு பேருக்கு மட்டுமே இடமுள்ள கட்சி.