ஓர் அறக்குளா பதிவான வரலாறு

சத்தியமாக, இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. பள்ளிவாசல் வாசலிலும் மாதா கோயில் வாசலிலும் நின்று இதையேதான் சொல்வேன்.

திருகோணமலைத் துறைமுகத்தடி மீன் வாடியில், தோணிக்காரர் ஹெக்டர் பிடித்த அறக்குளா மீன் தராசில் கிடந்தது. கம்ப்யூட்டரில் பதிந்தால்தான் கொழும்பு லொறியில் ஏறும். பதிகிற றுமானா பொத்தானை அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, மீன் என்னை முறைக்குது" என்றார் ஹெக்டர்.

"எழுதுது அண்ணே. ஆள்ட பேர், பட்டப்பேர், மாமனார்ட பேர், எதைச் சொன்னாலும் உடனே தேடி எடுக்கோணும் எண்டார் முதலாளி. ஒவ்வொண்டுக்கும் ஒரு இன்டெக்ஸ், தேடுற அட்டவணை, போட்டன். இப்ப ஒரு மீன் வந்தா அத்தனையிலயும் எழுதோணும்."

"எனக்கு மூண்டு பட்டப்பேரெல்லோ."

"அதான் சுணங்குது."

இரண்டு பேர் பதிந்தால் சுருக்காக முடியும் என்று முதலாளி ஜவ்பர் மற்றக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். றுமானாவின் கம்ப்யூட்டர் தோணியின் பதிவைப் பூட்டிக்கொண்டு மீனுக்குக் காத்திருந்தது. அவருடையது மீனின் பதிவைப் பூட்டிக்கொண்டு தோணிக்குக் காத்திருந்தது; ஒன்று விட்டால்தான் மற்றது நகரும்.

"நீங்க முந்திப் போங்க முதலாளி."

"நீ போ புள்ள."

"மரியாதையில்ல, நீங்க போங்க."

அறக்குளா மெல்லக் கருவாடாகத் தொடங்கியது. மீனைக் கருவாடு என்று மாற்றவும் எல்லா இன்டெக்ஸையும் திருத்த வேண்டும்.

ஹெக்டர் தொப்பியைக் கழற்றினார். "லொறி வெளிக்கிடப் போகுது. எனக்குச் சொந்தப் பேரும் வேண்டாம் பிள்ளை. மீனை மட்டும் எழுதினாக் காணும்."

றுமானா முதலாளியின் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, இன்டெக்ஸ் முழுவதையும் கழற்றினாள். ஒவ்வொன்றாக டிஸ்க்கில் பதியாதே, சேர்த்து ஒரே மூச்சில் பதி என்று கட்டளை கொடுத்தாள்.

பிறகு நடந்ததை ஓர்ஸ் ஹில் மேட்டில் நின்றவர்களும் கண்டார்கள். அறக்குளா பதிந்தது. அன்றைய மீன் அத்தனையும் பதிந்தது. எழுத மீன் போதாமல் நாளைய மீன் பதியத் தொடங்கியது. கடலில் இன்னும் நீந்திக்கொண்டிருந்த மீன்களின் நிறை, வரி வரியாகத் திரையில் இறங்கியது.

ஹெக்டர் தாழ்ந்த குரலில் கேட்டார். "நாளைக்கு எனக்கு என்ன பிள்ளை?"

"அறக்குளாதான் அண்ணே. இதைவிடப் பெரிசு."

"அப்ப நாளைக்கு நான் கடலுக்குப் போகத் தேவையில்லை. எழுதியாச்சுதானே."

லொறி ட்ரைவர் இக்ராம் வாசலில் எட்டிப் பார்த்தான்.

"முதலாளி, கரண்ட்காரங்க வந்திருக்காங்க. வாடிக்கு முதன்முதலா லைன் இழுக்கப் போறாங்களாம், கம்பம் எங்க நடுறதெண்டு கேக்காங்க."