செயற்கைக்கோளுக்கு விளக்கேற்றிய கதை

இதை எழுதலாமா என்று சில வருடங்களாகவே சாமி படத்துக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சாமி பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லையே என்று இப்போது துணிந்துவிட்டேன்.

ஓரிக்கையிலிருந்து என் மருமகள் நிவேதா எங்கள் உத்திரமேரூர் வீட்டுக்கு வந்தபோது, சீரோடு ஒரு ஆராய்ச்சியையும் கொண்டுவந்தாள். விண்வெளியிலிருந்து ரேடார் எடுக்கும் படத்தை வைத்து, காஞ்சிபுரத்தில் எது வீடு, எது வயல், ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது என்று கண்டுபிடிப்பது. (ஒன்பதாவதோடு நின்ற எனக்கு, வீடும் வயலும் தெரிய அவ்வளவு உயரம் போகணுமா என்றுதான் தோன்றியது.) ரேடாருக்கு வெளிச்சம் வேண்டாமாம். தானே ஓர் அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் பார்க்குமாம். சுவர்கள் பளிச்சென்று தெரியும், அசையாத ஏரித் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். மேகத்திலும் இருட்டிலும் பார்க்கிற கண் என்றதுமே நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் எங்கள் களத்தில் ஒரு சாதனத்தை நிறுத்தினாள். மூன்று அலுமினியத் தகடுகள் மூலையாகச் சேர்ந்து, வாயைத் திறந்தபடி ஒரு காலில் நின்றன. படத்தில் அது ஒரு புள்ளியாக மின்னும். அதை அடையாளமாக வைத்துத்தான் படத்தை இடத்தோடு பொருத்த வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் செயற்கைக்கோள் எங்கள் ஊரைத் தாண்டும். தவறவிட்டால் மறுபடி வர நாளாகும். அதற்குள் பேராசிரியர் படத்தைக் கேட்பார்.

"மாடு முட்டாம பாத்துக்கோங்க அத்தை" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். புது மருமகள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொறுப்பு. மாடு ஒரு தப்பும் செய்யவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், அச்சு அசல் விளக்கு மாடம். ஆனால் மேற்குப் பார்த்து நிற்கிறது. படித்த பிள்ளை, பாவம், திசை தெரியாமல் வைத்துவிட்டாள் என்று கிழக்கே திருப்பினேன். சந்தனம், குங்குமம் வைத்து, உள்ளே அகல் விளக்கும் ஏற்றினேன்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். மேலே அது சத்தமில்லாமல் மிதந்து வந்தது. கீழே காஞ்சிபுரம் தெருத்தெருவாக மினுங்கியது. ஏரிகள் மை தீட்டிய கண்களாக மேலே பார்த்தன. வயல்கள் பனிக்குள் தூங்கின. இந்தப் பக்கம் ஒரே ஒரு பொட்டு, எங்கள் களம். அந்தப் பொட்டுக்குள் நான் நிற்பதும் அதற்குத் தெரியும் என்று நினைத்தபோது, கால் தரையில் பாவவில்லை.

"இன்னாமே, வானத்தாண்ட பேசிக்கினு நிக்கிற?" வரப்பிலிருந்து வீட்டுக்காரர் குரல்.

"இப்பதான் தாண்டிச்சு. நம்மள பாத்துட்டுதான் போச்சு."

படம் வந்தது. காஞ்சிபுரம் இருந்தது, ஏரிகள் இருந்தன, எங்கள் பொட்டைக் காணவில்லை. நிவேதா களத்துக்கு ஓடிப்போய், எண்ணெய் வழிந்த தகட்டைப் பார்த்தாள். நான் திசை விவரத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பேராசிரியரிடம் போனில் தவணை கேட்டுக் கெஞ்சியதை அடுப்படியிலிருந்து கேட்டேன்.

தவணை கிடைத்தது. அடுத்த முறை அவளே என்னைக் களத்துக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பேருமாகத் தகட்டை மேற்கே திருப்பினோம்.

"வூடுங்களும் இப்டித்தான் அத்தை. அலை வர்ற பக்கம் பாத்தமாரி இருக்கிற தெருவு பளிச்சுனு தெரியும், கோணலா இருந்தா மங்கிடும். நீங்க திசை பாத்தது தப்பில்ல. இந்த சாமி மேக்கால வருது, அவ்ளோதான்."

இந்த முறை படத்தில் பொட்டு விழுந்தது. இன்றைக்கும் நான் விளக்கேற்றப் போனால் வீட்டுக்காரர் கேட்பார்: "சாமி எந்தப் பக்கமா வருதுன்னு மருமவள கேட்டியா?"

ஆனால் இந்தக் கதை டவுன் பஸ் ஏறிப் பக்கத்து ஊரான சாலவாக்கம் போய்ச் சேர்வதற்குள், நான் செயற்கைக்கோளையே கீழே இறக்கிவிட்டதாக ஆகிவிட்டது. அதனால்தான் எழுதினேன். படிக்கிறவர்கள் நாலு பேரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். நான் திருப்பியது தகட்டை மட்டும்தான்.